முந்தியதா, பிந்தியதா: பைத்தானில் நேர ஒப்பீட்டுப் பிழைகளைத் திருத்துவது எப்படி?

கோலாலம்பூரில் ஒரு திருமண மண்டபத்தின் முன்பதிவுகளைக் கவனிக்கும் சிறிய பைத்தான் நிரல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு தொடக்க நேரமும் ஒரு முடிவு நேரமும் உண்டு. எது முந்தியது, எது பிந்தியது, இரண்டு பதிவுகள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா என்று சொல்வதே அந்த நிரலின் வேலை. இதில் பிழை வர என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் நேரத்தைக் கையாளும் நூலகங்களில் நெடுநாள் கண்ணில் படாமல் ஒளிந்துகிடக்கும் பிழைகளில் பல, <, <=, >, >= ஆகிய நான்கு குறிகளுக்குள்தான் இருக்கின்றன. இவை நிரலை நிறுத்துவதில்லை என்பதே அதற்குக் காரணம். தவறான விடையைச் சரியான விடையின் தோரணையிலேயே கொடுத்துவிடுகின்றன.

ஒரு கிளாஸ் எழுதவும், அதில் ஓரிரு மெத்தட்களைச் சேர்க்கவும் தெரிந்திருந்தால் இக்கட்டுரையைத் தொடர்வதற்குப் போதும்.

அ < ஆ என்று எழுதும்போது பைத்தான் தானாக எதையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. அ என்ற ஆப்ஜெக்ட் எந்தக் கிளாஸைச் சேர்ந்ததோ, அந்தக் கிளாஸில் இதற்கென எழுதப்பட்ட சிறப்பு மெத்தட்டை அழைத்து, ஆ-வை அதனிடம் கொடுத்து, விடையைக் கேட்டு வாங்குகிறது. முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடுகள் இட்டு எழுதப்படும் இந்த மெத்தட்கள் மொத்தம் 6. எல்டி என்பது < குறிக்கும், எல்ஈ என்பது <= குறிக்கும், ஜிடி என்பது > குறிக்கும், ஜிஈ என்பது >= குறிக்கும் உரியவை; ஈக்யூ சமத்தையும், என்ஈ சமமின்மையையும் பார்த்துக்கொள்கின்றன. ஆறையும் தனித்தனியாக எழுதலாம் என்பதால், ஆறும் ஒன்றுக்கொன்று முரண்படவும் முடியும். பைத்தான் அதைத் தடுப்பதில்லை.

மிகச் சாதாரணமான பிழை இங்கேதான் பிறக்கிறது. எல்டி மெத்தட்டை எழுதி முடித்தவர் அதை நகலெடுத்து எல்ஈ என்று பெயரை மாற்றுகிறார்; உள்ளே இருக்கும் < குறியை <= ஆக்க மறந்துவிடுகிறார். 9 மணியையும் 10 மணியையும் வைத்துச் சோதித்தால் எல்லாம் சரியாகவே தெரியும். 10 மணியையும் 10 மணியையும் வைத்துச் சோதித்தால்தான் குட்டு வெளிப்படும், ஆனால் அந்தச் சோதனையை எழுத பெரும்பாலோருக்குத் தோன்றுவதில்லை. ஆகவே ஒரு நேர நூலகத்தில் ஒப்பீட்டைத் திருத்த உட்காருபவர் முதலில் செய்ய வேண்டியது, குறிப்பிட்ட ஒரு நேரம், அதற்கு ஒரு மைக்ரோ வினாடி முந்தியது, ஒரு மைக்ரோ வினாடி பிந்தியது என மூன்று மதிப்புகளை எடுத்து, மூன்றையும் அந்த நேரத்தோடு ஆறு குறிகளாலும் ஒப்பிட்டு, 18 விடைகளையும் கையால் எழுதிவைப்பதுதான். மைக்ரோ வினாடி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. நாளையும் மணியையும் குறிக்கும் பைத்தானின் டேட்டைம் கிளாஸ் அளக்கும் மிகச் சிறிய அலகு, வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கான அதுவே. நிமிடக் கணக்கில் மட்டும் சோதித்தால், வினாடிக்குக் கீழே உள்ள பகுதியைக் கவனிக்காமல் விட்ட மெத்தட்கூடத் தேர்வில் தேறிவிடும்.

அடுத்த பிழை கொஞ்சம் நுட்பமானது. நம் கிளாஸைச் சேர்ந்த ஆப்ஜெக்ட்டை, நமக்குத் தெரியாத வேறொரு கிளாஸின் ஆப்ஜெக்ட்டோடு ஒருவர் ஒப்பிட்டால் என்ன விடை தருவது? பலர் ஃபால்ஸ் என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. பைத்தானில் இதற்கென்றே நாட்இம்ப்ளிமென்டட் என்ற தனி மதிப்பு இருக்கிறது. அரசாங்க அலுவலகத்தில் ஒரு கவுண்டரில் இருப்பவர் "உங்கள் பெயர் பட்டியலில் இல்லை" என்று சொல்வதற்கும், "இது என் வேலையில்லை, பக்கத்துக் கவுண்டரில் கேளுங்கள்" என்று சொல்வதற்கும் உள்ள வேறுபாடுதான் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு. நாட்இம்ப்ளிமென்டட் கிடைத்தால் பைத்தான் கேள்வியைத் திருப்பிப் போட்டு, ஆ > அ என்று ஆ-வின் கிளாஸைக் கேட்கும். அங்கும் அதே பதில் வந்தால், < போன்ற குறிகளுக்கு டைப்எரர் எழும்பும்; == குறிக்கு மட்டும், இரண்டும் ஒரே ஆப்ஜெக்ட்தானா என்று பார்த்து விடை சொல்லப்படும். ஃபால்ஸ் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட்டால் இந்த வழி முழுவதும் அடைபட்டுப்போகிறது. அதைவிட மோசமாக, அ < ஆ என்பதும் ஃபால்ஸ், அ >= ஆ என்பதும் ஃபால்ஸ் என்ற அபத்தம் உருவாகிறது. < குறியைத் திருப்பினால் கிடைப்பது > குறி; >= அன்று. இதைக் குழப்பிக்கொண்டு எழுதப்பட்ட நிரல்களும் உண்டு.

இதே நாட்இம்ப்ளிமென்டட் இன்னொரு பொறியையும் வைத்திருக்கிறது. சமமின்மைக்கான மெத்தட்டை எழுதும்போது, ஈக்யூ மெத்தட்டை நேரடியாக அழைத்து அதன் விடைக்கு முன்னால் "நாட்" போட்டுவிடுவது பழைய வழக்கம். ஈக்யூ நாட்இம்ப்ளிமென்டட் என்று பதில் தந்தால் என்ன ஆகும்? அந்த மதிப்பு ட்ரூவாகக் கருதப்பட்டதால், அதற்கு முன் "நாட்" போட்டவுடன் ஃபால்ஸ் வந்தது. அதாவது, ஒரு நேரமும் ஒரு எழுத்துச் சரமும் வேறு வேறா என்று கேட்டால் "இல்லை" என்ற பதில் கிடைத்தது. பைத்தான் 3.9 இதற்கு எச்சரிக்கை கொடுக்கத் தொடங்கியது, 3.14-இல் இது டைப்எரர் ஆகிவிட்டது. திருத்தம் மிக எளிது: பைத்தான் 3-இல் என்ஈ மெத்தட்டை எழுதவே தேவையில்லை, ஈக்யூவிலிருந்து அது தானாகவே கிடைக்கும். பைத்தான் 2-இல் அப்படி இல்லாததால்தான் பழைய நூலகங்களில் இந்த மெத்தட் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது. அழித்துவிடலாம்.

இதுவரை சொன்னவை எந்தக் கிளாஸுக்கும் பொருந்தும். இனி நேரத்துக்கே உரிய சிக்கல்களைப் பார்ப்போம்.

பைத்தானில் டேட் என்பது நாளை மட்டும் குறிக்கிறது. டேட்டைம் நாளையும் மணியையும் சேர்த்துக் குறிக்கிறது. டேட்டைம், டேட் கிளாஸின் வழித்தோன்றலாக அமைக்கப்பட்டிருக்கிறது. எனவே "கையில் இருப்பது டேட் தானா?" என்று ஐஸ்இன்ஸ்டன்ஸ் மூலம் கேட்டால், டேட்டைமுக்கும் ட்ரூ என்றே விடை வரும். ஒரு நூலகம் டேட் என்று நம்பி ஏற்றுக்கொண்ட ஆப்ஜெக்ட் மணியையும் சுமந்துகொண்டு வந்திருந்தால், அதற்குப் பிந்திய ஒப்பீடு ஒவ்வொன்றும் சந்தேகத்துக்குரியது. டேட்டைம்தானா என்பதை முதலில் சோதித்து, அதன் பிறகே டேட்டைச் சோதிக்க வேண்டும். இரண்டையும் < கொண்டு நேரடியாக ஒப்பிட்டால் பைத்தான் டைப்எரர் எழுப்பி நம்மைக் காப்பாற்றுகிறது. ஆனால் அந்த எரர் மறைய வேண்டும் என்பதற்காக டேட்டை நள்ளிரவு 12 மணியாக மாற்றிவிடுபவர்கள் வேறொரு பள்ளத்தில் விழுகிறார்கள். பினாங்கில் ஒரு டியூஷன் நிலையம் "ஜனவரி 31 வரை பதிவு செய்யலாம்" என்று அறிவித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜனவரி 31 என்பது 31-ஆம் தேதி 0 மணியாக மாறிவிட்டால், "பதிவு நேரம் <= கடைசி நாள்" என்ற ஒப்பீடு அன்று காலை வந்து நிற்கும் பெற்றோரையும் திருப்பி அனுப்பிவிடும். 23:59:59 என்று போட்டு ஒட்டவைப்பதும் தீர்வாகாது, கடைசி ஒரு வினாடி அதில் விடுபடுகிறது. பதிவு நேரம் < பிப்ரவரி 1, 0 மணி என்று எழுதுவதே சரி. தொடக்கத்தைச் சேர்த்து, முடிவை விலக்கும் இந்த முறைக்குக் கை பழகிவிட்டால் ஒப்பீட்டுப் பிழைகளில் பாதி தானாகவே குறையும்.

நேர வலயம் அடுத்தது. டேட்டைம் இரண்டு வகைப்படும்: தன் வலயத்தை அறிந்தது ஒன்று, அறியாதது மற்றொன்று. வலயம் அறிந்த இரண்டை ஒப்பிட்டால், கோலாலம்பூரில் இரவு 8 மணி என்பதும் சென்னையில் மாலை 5:30 மணி என்பதும் சமம் என்று பைத்தான் சரியாகவே சொல்லும். அறிந்த ஒன்றையும் அறியாத ஒன்றையும் < கொண்டு ஒப்பிட்டால் டைப்எரர் எழும்; == கொண்டு ஒப்பிட்டால் 3.3 முதல் ஃபால்ஸ் என்று மட்டும் வரும். இந்த டைப்எரரைக் கண்டதும் பலர் செய்யும் காரியம், வலயம் அறிந்ததிலிருந்து வலயத்தை உரித்து எடுத்துவிடுவது. எரர் மறைந்துவிடும், உண்மையும் அதோடு மறைந்துவிடும். சென்னையில் மாலை 6 மணி என்பது இங்கே இரவு 8:30 மணி. வலயத்தை உரித்துவிட்டால் 18:00 என்பது கோலாலம்பூரின் 20:00-ஐவிடச் சிறியது என்றாகி, அரை மணி நேரம் பிந்தி நடக்க வேண்டிய இணைய வகுப்பு முந்தி நடப்பதாகப் பட்டியலில் ஏறிவிடும்.

இதைவிட அபாயமானது, எரரே எழாத வடிவம். யூடிசிநவ் என்ற மெத்தட் யூடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தைத் தருகிறது, ஆனால் வலயக் குறிப்பு இல்லாமல் தருகிறது. நவ் என்ற மெத்தட்டும், வலயம் எதையும் கொடுக்காவிட்டால், அதே போல வலயக் குறிப்பின்றி உள்ளூர் நேரத்தைத் தருகிறது. இரண்டையும் ஒப்பிட்டால் பைத்தான் வாய் திறக்காது, ஏனென்றால் அதன் பார்வையில் இரண்டும் ஒரே வகை. மலேசியாவில் இவ்விரண்டுக்கும் இடையே 8 மணி நேரம் வேறுபாடு. காலை 8 மணிக்கு முன் தேதியே ஒரு நாள் பின்தங்கியிருக்கும் என்பதால், காலையில் மட்டும் தலைகாட்டி மதியத்துக்குள் காணாமல் போகும் பிழைகள் இதிலிருந்தே கிளைக்கின்றன. பைத்தான் 3.12 முதல் யூடிசிநவ் கைவிடப்படும் மெத்தட் என்று அறிவிக்கப்பட்டுள்ளது. அதற்குப் பதிலாக நவ் மெத்தட்டுக்கு யூடிசி வலயத்தைக் கொடுத்து அழைக்க வேண்டும். வலயம் இல்லாத நேரத்தைப் பெற்றால் ஊகித்து ஒட்டவைக்காமல், ஏற்க மறுத்துவிடும் நூலகமே நல்ல நூலகம் என்பது என் கருத்து. பயனர்கள் முதல் வாரம் முணுமுணுப்பார்கள், அது பரவாயில்லை.

நேர வலயங்களுக்கான பழைய பைடிஇஸட் நூலகத்தைப் பயன்படுத்துபவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. அதன் வலய ஆப்ஜெக்ட்டை டேட்டைம் உருவாக்கும்போதே நேரடியாகக் கொடுத்தால், கோலாலம்பூருக்கு 8 மணி நேர வேறுபாடு கிடைக்காது. 1901-க்கு முந்திய சூரிய நேரக் கணக்கு, அதாவது 7 மணிக்கும் சற்றுக் குறைவான ஒரு வேறுபாடு, கிடைக்கும். லோக்கலைஸ் என்ற மெத்தட் வழியாகவே செல்ல வேண்டும். பைத்தான் 3.9-இல் வந்த ஸோன்இன்ஃபோவில் இந்தத் தொல்லை இல்லை.

ஆனால் ஸோன்இன்ஃபோவிலும் ஒரு சிக்கல் உண்டு, அதற்கு நம் நாட்டின் வரலாறே நல்ல உதாரணம். தீபகற்ப மலேசியா 1981 இறுதிவரை உலகப் பொது நேரத்தைவிட 7 மணி 30 நிமிடம் முன்னால் இருந்தது. சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றிணைவதற்காக, மகாதீர் முகமது பிரதமராக இருந்தபோது, 1981 டிசம்பர் 31 இரவு 11:30 மணிக்குக் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டு 1982 ஜனவரி 1, 0 மணியானது. 11:30-க்கும் 12-க்கும் இடைப்பட்ட அரை மணி நேரம் இங்கே நிகழவே இல்லை. இப்போது இரண்டு நேரங்களை எடுத்துக்கொள்வோம்: டிசம்பர் 31 இரவு 11:45, ஜனவரி 1 நள்ளிரவு 12:10, இரண்டும் கோலாலம்பூர் வலயத்தில். ஒரே வலய ஆப்ஜெக்ட்டைக் கொண்ட இரு நேரங்களை ஒப்பிடும்போது பைத்தான் யூடிசிக்கு மாற்றுவதில்லை, கடிகார முகத்தில் உள்ள எண்களையே ஒப்பிடுகிறது. எனவே முதலாவதே சிறியது என்று வரும். இரண்டையும் யூடிசிக்கு மாற்றிவிட்டு ஒப்பிட்டால், இப்போதைய வலய அட்டவணைப்படி முதலாவது 16:15 ஆகவும், இரண்டாவது 16:10 ஆகவும் மாறி, வரிசையே தலைகீழாகிவிடும். நிகழாத ஒரு நேரத்தை எடுத்துக்கொண்டதால் வந்த விபரீதம் இது என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் நிகழ்ந்த நேரங்களிலும் கணக்கு பிசகுகிறது: அன்றிரவு 11:15-க்கும் 12:15-க்கும் இடையே ஒரு மணி நேரம் என்று டேட்டைம் கழித்துச் சொல்லும், உண்மையில் கழிந்தது அரை மணி நேரமே. 1982-க்கு முன் இங்கே பிறந்தவர்களுக்கு ஜாதகம் கணிக்கும் மென்பொருளில் இந்த அரை மணியை விட்டுவிட்டால் லக்னமே இடம் மாறக்கூடும் என்பதை ஜோதிடர்களிடம் சொன்னால், நிரலாளர்களைவிட அவர்கள் விரைவாகப் புரிந்துகொள்வார்கள்.

எனவே ஒப்பீட்டு மெத்தட்டை எழுதுவதற்கு முன் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்: நாம் ஒப்பிடுவது கடிகார முகத்தையா, நிகழ்ந்த கணத்தையா? கணத்தைத்தான் என்றால், இரு பக்கத்தையும் யூடிசிக்கு மாற்றும் ஒரே ஒரு சிறிய ஃபங்ஷனை எழுதி, ஆறு குறிகளும், டிக்ஷனரியில் ஆப்ஜெக்ட்டைத் தேட உதவும் எண்ணைத் தரும் ஹாஷ் மெத்தட்டும்கூட, அதன் வழியாகவே செல்லும்படி செய்துவிட வேண்டும். ஹாஷைக் குறிப்பிடுவது, சமமான இரு ஆப்ஜெக்ட்களுக்கு ஹாஷும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதாலும், ஈக்யூவை எழுதிவிட்டு ஹாஷை எழுதாமல் விட்டால் பைத்தான் 3 அந்தக் கிளாஸின் ஆப்ஜெக்ட்டை டிக்ஷனரியின் சாவியாக ஏற்காது என்பதாலும்தான்.

இனி மண்டபத்துக்கு வருவோம். முன்பதிவு என்பது ஒற்றை நேரம் அன்று, ஓர் இடைவெளி. சிக்கல்களில் எனக்கு மிகச் சுவையானது இதுதான். ஒருவர் < குறிக்கு இப்படிப் பொருள் கொடுக்கிறார்: அ முடியும் நேரம், ஆ தொடங்கும் நேரத்துக்குச் சமமாகவோ முந்தியோ இருந்தால், அ < ஆ. நியாயமாகவே படுகிறது. மீதி மெத்தட்களை எழுதச் சோம்பல்பட்டு, பைத்தானுடனேயே வரும் ஃபங்க்டூல்ஸில் உள்ள டோட்டல்ஆர்டரிங் என்ற வசதியைக் கிளாஸின் தலையில் வைக்கிறார். எல்டியும் ஈக்யூவும் இருந்தால் மற்றவற்றை அதுவே உருவாக்கித் தரும். > குறிக்கு அது எழுதித் தரும் விதி: சிறியதும் இல்லை, சமமும் இல்லை என்றால் பெரியது.

இரண்டு பதிவுகளை அதனிடம் கொடுப்போம். அ காலை 9 முதல் பிற்பகல் 1 வரை. ஆ காலை 11 முதல் மாலை 4 வரை. அ முடிவதற்கு முன்பே ஆ தொடங்கிவிடுகிறது, எனவே அ < ஆ ஃபால்ஸ். ஆ < அ என்பதும் ஃபால்ஸ். இரண்டும் சமமும் இல்லை. ஆகவே, டோட்டல்ஆர்டரிங் விதிப்படி அ > ஆ ட்ரூ; அதே விதிப்படி ஆ > அ என்பதும் ட்ரூ! ஒவ்வொன்றும் மற்றொன்றைவிடப் பிந்தியது என்று நிரல் முகத்தை மாற்றாமல் சொல்கிறது. இதற்கு டோட்டல்ஆர்டரிங்கைக் குறை சொல்ல முடியாது. எந்த இரண்டை எடுத்தாலும் சிறியது, சமம், பெரியது என்ற மூன்றில் ஒன்று நிச்சயம் பொருந்தும் என்ற நம்பிக்கையின் மேல்தான் அது கட்டப்பட்டிருக்கிறது. மேற்பொருந்தும் இடைவெளிகளுக்கு அந்த நம்பிக்கை செல்லாது.

மூன்றாவதாக இ என்ற பதிவைச் சேர்ப்போம், பிற்பகல் 2 முதல் மாலை 6 வரை. அ < இ என்பது ட்ரூ, ஆனால் நடுவில் இருக்கும் ஆ இரண்டோடும் மோதுகிறது. இ, ஆ, அ என்ற வரிசையில் ஒரு லிஸ்டில் வைத்து சார்ட் செய்தால், அது மாறாமல் இ, ஆ, அ என்றே திரும்பி வரும். பைத்தானின் சார்ட் < குறியை மட்டுமே பயன்படுத்தி, அடுத்தடுத்து இருப்பவற்றை ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஆ < இ இல்லை, அ < ஆ இல்லை என்றதும், இந்த லிஸ்ட் ஏற்கெனவே ஒழுங்காகத்தான் இருக்கிறது என்று முடிவு செய்துவிடுகிறது. அ-வையும் இ-யையும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்கும் வாய்ப்பே அதற்கு வருவதில்லை. பிற்பகல் 2 மணிப் பதிவு காலை 9 மணிப் பதிவுக்கு மேலே உட்கார்ந்துகொள்கிறது.

திருத்தம், < குறியை இடைவெளியிலிருந்து எடுத்துவிடுவதுதான். "முன்னதாக முடிகிறதா", "மோதுகிறதா" என்று பெயரிட்ட மெத்தட்களைக் கொடுத்துவிட்டு, வரிசைப்படுத்த வேண்டியவர்கள் தொடக்க நேரத்தையும் முடிவு நேரத்தையும் சார்ட்டின் கீ ஆகக் கொடுக்கட்டும். மோதலைக் கண்டுபிடிக்கும் விதி ஒரே வரியில் அடங்கும்: அ-வின் தொடக்கம் < ஆ-வின் முடிவு, அத்துடன் ஆ-வின் தொடக்கம் < அ-வின் முடிவு. இரண்டு இடத்திலும் < மட்டுமே; <= போட்டால், 2 மணிக்கு முடியும் விருந்தும் 2 மணிக்குத் தொடங்கும் விருந்தும் மோதுவதாகிவிடும். 2 மணிக்கு எல்லோரும் கை கழுவி எழுந்து போய்விடுவார்கள் என்று எந்த மண்டப மேலாளரும் நம்பமாட்டார் என்பது வேறு விஷயம். சுத்தம் செய்ய ஒரு மணி நேரம் வேண்டுமென்றால், அதைக் கால அளவைக் குறிக்கும் டைம்டெல்டாவாக முடிவு நேரத்தோடு கூட்ட வேண்டுமே தவிர, <= குறிக்குள் மறைத்துவைக்கக் கூடாது. சிறியது, சமம், பெரியது என்ற மூன்றில் ஒன்று எப்போதும் பொருந்தாது என்ற காரணத்தால்தான் "ஒரு மாதம்" என்பதையும் "30 நாள்" என்பதையும் ஒப்பிடச் சொன்னால் மறுப்பது முறையாகிறது. டேட்யூட்டில் நூலகத்தில் மாதம், ஆண்டு போன்ற கால அளவுகளைக் குறிக்கும் ரிலேட்டிவ்டெல்டாவில் சமத்தைப் பார்க்கும் மெத்தட் உண்டு, சிறியது பெரியது பார்க்கும் மெத்தட் கிடையாது.

பலர் பயன்படுத்தும் நூலகத்தில் இப்படிப்பட்ட திருத்தத்தைச் செய்பவர் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நேற்றுவரை ஃபால்ஸ் என்று வந்த இடத்தில் நாளை டைப்எரர் வந்தால், தவறான விடையை நம்பி ஓடிக்கொண்டிருந்த நிரல்கள் நின்றுபோகும். பைத்தானே இந்தப் பாதையைக் கடந்து வந்திருக்கிறது: நள்ளிரவைக் குறிக்கும் டைம் ஆப்ஜெக்ட் ஃபால்ஸாகக் கருதப்பட்டதை 3.5-இல் நிறுத்தினார்கள், டேட்டிலிருந்து வழிவந்த பிற கிளாஸ்களோடு டேட்டைமை ஒப்பிடும்போது மணியை உதறிவிட்டு நாளை மட்டும் பார்த்த வழக்கத்தை 3.13-இல் கைவிட்டார்கள். சிறிய நூலகம் என்றால், முதல் வெளியீட்டில் பழைய விடையையே தந்து கூடவே ஓர் எச்சரிக்கையையும் காட்டலாம். எந்த வரியில் ஒப்பீடு நடந்தது என்பதும், அதற்குப் பதில் எந்த மெத்தட்டை அழைக்க வேண்டும் என்பதும் அந்த எச்சரிக்கையில் இருக்க வேண்டும். டைப்எரரை அடுத்த வெளியீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.